ஐந்து விதை, ஐந்து கிண்ணம், ஒரு அட்டைப்பெட்டி: ஹெர்ப் கிட் வாங்கலாமா?

சமையலுக்கான வாசனை இலைச் செடிகளை வீட்டில் வளர்க்க விற்கும் பெட்டிதான் ஹெர்ப் கிட். பெட்டியின் மேல் படத்தில் ஐந்து செடிகள் பச்சைப் பசேலென்று நிற்கும். திறந்தால் விரல் நீளத்தில் ஐந்து விதைப் பொட்டலங்கள், அழுத்திக் காயவைத்த ஐந்து கோகோபீட் (தென்னை நார்த்தூள்) வில்லைகள், டீ குடிக்கும் கிண்ணம் அளவில் ஐந்து தொட்டிகள், பெயர் எழுத மரக்குச்சிகள், ஒரு சின்னத் தெளிப்பான், மடித்து வைத்த செய்முறைத் தாள். விலை கூடினால் ஐந்து ஜோடி அலகுகள் கொண்ட கத்தரிக்கோலோ கிளிப் விளக்கோ சேர்ந்துகொள்ளும். எந்தப் பெயரில் விற்றாலும் 'ஹெர்ப் கிட்' பெட்டிக்குள் ஏறத்தாழ இதுதான் இருக்கிறது. அதனால் இங்கே ஒரு நிறுவனத்தின் பெட்டியை எடுத்துக்கொள்ளாமல், அந்த வகையையே பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பெட்டி முளைக்க வைக்கும், வளர்க்காது. முளை எட்டிப் பார்ப்பதற்கும் ஒரு கைப்பிடி இலை பறிப்பதற்கும் நடுவே ஆறேழு வாரம் இருக்கிறது. அந்த ஆறேழு வாரத்துக்கு வேண்டியது மண், ஆழம், சத்து, வெளிச்சம். நான்கில் ஒன்றுகூடப் பெட்டியில் போதுமான அளவு கிடையாது.

விதைகள்: சேர்க்கையே தவறு

வழக்கமான ஐந்து: பேசில் (திருநீற்றுப்பச்சை வகை), கொத்தமல்லி, பார்ஸ்லி, தைம், ஐந்தாவதாக ரோஸ்மேரி அல்லது புதினா. சில பெட்டிகளில் ஆரிகனோ வரும். பார்ஸ்லி, தைம், ரோஸ்மேரி, ஆரிகனோ எல்லாம் மேற்கத்தியச் சமையலின் வாசனை இலைகள். ஐந்தையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் விடச் சொல்கிறது செய்முறைத் தாள். பேசிலும் புதினாவும் ஈரம் விரும்பும். தைமும் ரோஸ்மேரியும் மேல்மண் காய்ந்தால்தான் மூச்சு விடும். கொத்தமல்லிக்கும் பார்ஸ்லிக்கும் மிதமான குளிர்ச்சி வேண்டும். பேசிலுக்கு 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலை கறுக்கும். ஐந்துக்கும் ஒரே உபசாரம் செய்தால் இரண்டு பிழைக்கும், மூன்று போகும். எது பிழைக்கும் என்பதை வைத்திருப்பவரின் கைப்பழக்கம் தீர்மானிக்கிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவரிடம் தைம் நிற்காது. மறந்துவிடுபவரிடம் பேசில் நிற்காது.

விதையின் எண்ணிக்கையும் தலைகீழாக இருக்கிறது. தைம் விதை தூசு மாதிரி. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் அடங்கும். பொட்டலத்தில் ஒரு சிட்டிகை போட்டாலே நூற்றுக்கணக்கில் வந்துவிடுகிறது. ஒரு வீட்டுக்குத் தேவை இரண்டு தைம் செடி. கொத்தமல்லிக்கோ பத்துப் பதினைந்து விதைகளை எண்ணிப் போடுகிறார்கள். கொத்தமல்லிச் செடி ஒன்று தருவது சில காம்புகள் மட்டுமே. 20 செ.மீ. வாயுள்ள தொட்டியில் 2-3 செ.மீ. இடைவெளியில் இருபது முப்பது விதை ஊன்றி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்த தொட்டியிலும் ஊன்றினால்தான் இடைவிடாமல் பறிக்கலாம். அதற்கு 50 கிராம் விதையைத் தனியாக வாங்குவதே சரி.

இனி ஒவ்வொன்றாக.

பேசில்தான் இந்தப் பெட்டியின் மானத்தைக் காப்பாற்றும் செடி. 20-25 டிகிரி வெப்பத்தில் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். விதை நனைந்தவுடன் சுற்றிலும் வழவழப்பான உறை கட்டும்; அதைப் பார்த்துப் பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அது இந்த விதையின் இயல்பு. சப்ஜா விதையும் இதே இனம்தான், வாசனை மட்டும் வேறுபடும். 5 மி.மீ.க்கு மேல் ஆழத்தில் புதைக்காமல் இருந்தால் போதும்.

கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள். உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி இரண்டாகப் பிளந்து, 8-12 மணி நேரம் ஊறவைத்து, 1-1.5 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் 7 முதல் 15 நாளில் வரும். பிளக்கும்போது உள்ளே இருக்கும் பருப்பு நசுங்கக் கூடாது. கொத்தமல்லி ஆணிவேர்ச் செடி. இடம் மாற்றினால் முகம் வாடி, அவசர அவசரமாகப் பூத்துவிடும். ஆகவே 'வில்லையில் முளைக்கவைத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள்' என்ற குறிப்பைக் கொத்தமல்லிக்கு மட்டும் கண்டுகொள்ளக் கூடாது. நேரடியாகப் பெரிய தொட்டியில்தான் ஊன்ற வேண்டும். பார்ஸ்லிக்கும் இதே வேர், இதே சங்கடம். வில்லையிலிருந்து மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு உண்மை இலை (முதலில் வரும் விதையிலைகளுக்குப் பின் வருபவை) வருவதற்குள், மண் உருண்டை உடையாமல் மாற்ற வேண்டும்.

பார்ஸ்லியைப் பற்றி இன்னொன்று. அது முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும். பதினைந்தாம் நாள் "விதை செத்துப்போச்சு" என்று மண்ணைக் கொட்டிவிடுவதுதான் பார்ஸ்லிக்கு நேரும் முதல் விபத்து. இரண்டாவது விபத்து உண்மையிலேயே விதை செத்துப்போவது: பார்ஸ்லி விதையின் முளைப்புத் திறன் ஒன்றிரண்டு ஆண்டில் சரிந்துவிடும். பேசில் விதை நான்கைந்து ஆண்டு தாங்கும். பெட்டியில் பொட்டலம் கட்டிய தேதி இல்லையென்றால், பார்ஸ்லி இருக்கும் பெட்டியை வாங்குவது சீட்டுக் குலுக்கல்.

தைம் விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணின் மேல் தூவி விரலால் லேசாக அமுக்கிவிட வேண்டும், மூடக் கூடாது. எல்லா விதைக்கும் பொதுவாக 'அரை அங்குலம் ஆழம்' என்று அச்சடித்த தாள்கள் உண்டு. அந்த ஆழத்தில் போட்ட தைம் வெளியே வரவே வராது.

ரோஸ்மேரியை விதையில் கொடுப்பது ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. முளைப்பு மிகக் குறைவு; பத்து விதையில் இரண்டு மூன்று வந்தால் நல்ல விளைச்சல். வந்த நாற்று ஒரு கிளை வெட்டும் அளவுக்குத் தடிக்க இரண்டு ஆண்டுகூட ஆகும். நல்ல செடியிலிருந்து 10 செ.மீ. இளந்தண்டை வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பாதி மணல் பாதி கோகோபீட்டில் நட்டால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். பொட்டலத்தில் 'ரோஸ்மரினஸ்' என்று இருந்தாலும் 'சால்வியா' என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம்: 2017-இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வுக்குப் பின் ரோஸ்மேரியைச் சால்வியா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். செடி ஒன்றுதான்.

புதினா விதை இன்னும் ஒருபடி மேல். பெப்பர்மின்ட் என்பது ஸ்பியர்மின்ட்டும் நீர்ப்புதினாவும் கலந்த கலப்பினம். அது மலடு, விதையே பிடிக்காது. ஆகவே 'பெப்பர்மின்ட் விதை' என்று எழுதிய பொட்டலத்தில் இருப்பது வேறு ஏதோ ஒரு புதினா. அதில் வளரும் செடிகளும் ஆளுக்கொரு வாசனையில் இருக்கும், பெரும்பாலும் மந்தமாக. சமையலுக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டு இரண்டை எடுத்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தால் 7-10 நாளில் வேர் விடும். ஒரு பைசா செலவில்லை. இதற்கு விதைப் பொட்டலம் விற்பவரின் தைரியத்தைப் பாராட்டலாம்.

ஆரிகனோ வந்தால் பெயரைச் சரிபார்க்க வேண்டும். கற்பூரவல்லியை 'இந்தியன் ஆரிகனோ' என்றும் விற்கிறார்கள். அது தடித்த சதைப்பற்றுள்ள இலை கொண்ட வேறு செடி. தண்டிலிருந்தே வளர்ப்பது, விதையில் அல்ல. பொட்டலத்தில் 'ஒரிகனம் வல்கரே' என்று இருந்தால் அசல் ஆரிகனோ.

விதை நல்லதா என்று பார்க்கப் பெட்டி முழுவதையும் பலிகொடுக்க வேண்டியதில்லை. பத்து விதையை நனைத்த டிஷ்யூ காகிதத்தில் பரப்பி, மடித்து, மூடிய டப்பாவில் வையுங்கள். பேசில் பத்து நாளில் ஆறுக்குக் குறைவாக முளைத்தால், மீதியை அடர்த்தியாகத் தூவுங்கள் அல்லது வேறு விதை வாங்குங்கள். விதையின் மேல் இளஞ்சிவப்பு, நீலம் போன்ற சாயம் பூசியிருந்தால் அது மருந்து நேர்த்தி செய்த விதை. முளைக்கீரையாக அப்படியே தின்பதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

கோகோபீட் வில்லை

பெட்டியில் உருப்படியான பொருள் எது என்று கேட்டால் இதுதான். 40-50 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் சில நிமிடங்களில் நான்கைந்து மடங்கு உப்பி, ஒரு நாற்றுக்கான படுக்கை தயார். அழுக்கு இல்லை, களை விதை இல்லை.

ஆனால் மூன்று குறைகள். முதலாவது, வில்லையைச் சுற்றியுள்ள வலை. 'மக்கும்' என்று எழுதியிருந்தாலும் பல மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் வலை அப்படியே இருக்கும், வேர் அதற்குள் சுருண்டு கிடக்கும். தொட்டிக்கு மாற்றும்போது கத்தரிக்கோலால் வலையைக் கீறி உரித்துவிட வேண்டும்.

இரண்டாவது, உப்பு. தென்னை நார் பதப்படுத்தும்போது உவர்நீரில் ஊறியிருந்தால் சோடியமும், நாருக்கே உரிய பொட்டாசியமும் அதில் தங்கிவிடும். இலை ஓரம் கருகுவதும், நாற்று இரண்டு இலையோடு நின்றுவிடுவதும் இதன் அடையாளம். வில்லையாக இருந்தால் ஒருமுறை ஊறவைத்துப் பிழிந்து மறுபடி ஊறவைக்கலாம். கட்டியாக வாங்கினால் பக்கெட்டில் இரண்டு மூன்று முறை அலசி, வடிநீர் தேநீர் நிறத்திலிருந்து வெளிறும்வரை விடுங்கள். 650 கிராம் கட்டி ஒன்று உப்பினால் 8-9 லிட்டர் வரும்.

மூன்றாவது குறையை எந்தத் தாளும் சொல்வதில்லை: கோகோபீட்டில் சாப்பாடு கிடையாது. விதைக்குள் இருக்கும் இருப்பு, முதல் ஜோடி உண்மை இலை வரும்வரைதான். அதற்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகி வளர்ச்சி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள்; செடி பட்டினியோடு மூழ்கவும் செய்யும். உண்மை இலை இரண்டு ஜோடி வந்தவுடன் உரமுள்ள கலவைக்கு மாற்றுவதே மருந்து.

தொட்டிகள்: குருவி தலையில் பனங்காய்

வாய் 7 செ.மீ., உயரம் 6 செ.மீ., அடி குறுகலானது. கொள்ளளவு 150 மி.லி. சுற்றுவட்டம். இதில் ஒரு பேசில் செடி முழு வளர்ச்சி அடையும் என்று படம் போட்டிருக்கிறார்கள். நன்றாக வளர்ந்த ஒரு பேசிலுக்கு 2-3 லிட்டர் மண் வேண்டும். கிண்ணத்தில் வைத்தால் ஒரே நாள் வெயிலில் மண் வறண்டு செடி சாயும், தண்ணீர் விட்டால் நிமிரும், மறுநாள் மறுபடி சாயும். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தால் பேசில் பூத்து முடித்துக்கொள்ளும்.

ஆழம் குறைந்த தொட்டியின் இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாது. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்து நின்ற பிறகு, அடியில் சில செ.மீ. உயரத்துக்கு மண் சொதசொதவென்று ஈரம் பிடித்தே இருக்கும். நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்கை வசமாகப் பிடித்துச் சொட்டுவது நின்றபின், செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடினால்தான் மேல்பகுதி வடியும். 20 செ.மீ. தொட்டியில் அடி 4 செ.மீ. ஈரமாக இருந்தால் மிச்சம் 16 செ.மீ.-யில் வேர் மூச்சு விடும். 6 செ.மீ. கிண்ணத்தில் மிஞ்சுவது 2 செ.மீ. அடியில் கூழாங்கல் போடுவதும் உதவாது. ஈரப்பட்டை கல்லுக்கு மேலே ஏறிக்கொள்ளும், மண்ணின் உயரம்தான் குறையும். சில பெட்டிகளில் வடிகால் துளையே இல்லாத அழகான தகரக் குவளைகள் வருகின்றன. அவற்றைப் பேனா நிறுத்த வைத்துக்கொள்ளலாம்.

மக்கும் நார்த் தொட்டி என்றால் விளிம்பைக் கவனியுங்கள். மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு திரி போல ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். தொட்டியோடு சேர்த்து நடும்போது விளிம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடியையும் கிழித்துவிட வேண்டும்.

பெட்டிக்கு வெளியே வாங்க வேண்டிய அளவுகள்: பேசில், புதினாவுக்கு 18-20 செ.மீ. ஆழம், கொத்தமல்லி, பார்ஸ்லிக்கு ஆணிவேர் இறங்க 20-25 செ.மீ.; தைமுக்கு 15 செ.மீ. போதும். 20 செ.மீ. தொட்டியில் பேசில் இரண்டு அல்லது மூன்று, அதற்கு மேல் இல்லை. புதினாவுக்கு எப்போதும் தனித் தொட்டி. அதன் ஓடுதண்டு பக்கத்துச் செடியின் வேரைச் சுற்றி வளைத்துவிடும்.

கலவை இரண்டு போதும். பேசில், புதினா, கொத்தமல்லி, பார்ஸ்லிக்கு 4 பங்கு கோகோபீட், 3 பங்கு நன்கு மக்கிய உரம் அல்லது மண்புழு உரம், 3 பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைக் குருணை) அல்லது பருமணல். தைம், ரோஸ்மேரி, ஆரிகனோவுக்கு 3 பங்கு கோகோபீட், 2 பங்கு உரம், 5 பங்கு பருமணல் அல்லது பெர்லைட். பூச்சு வேலைக்குச் சலித்த நைஸ் மணல் ஆகாது. அது இடுக்குகளை அடைத்துக் கலவையைச் சிமெண்டு மாதிரி இறுக்கிவிடும்.

தெளிப்பான், மூடி, மரக்குச்சி, கத்தரிக்கோல்

தெளிப்பான் விதை முளைக்கும்வரை நல்லது, நாற்றுக்குக் கெட்டது. பத்து அழுத்து அழுத்தினால் மேல் அரை செ.மீ. நனையும். வேர் கீழே இறங்காமல் மேலேயே சுற்றும். அடியில் மண் காய்ந்து கிடக்க, மேலே பச்சைப்பாசி படரும். 'தினம் இருமுறை தெளிக்கவும்' என்ற வரியைப் பேனாவால் அடித்துவிடலாம். விரலை 2 செ.மீ. உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுவதே முறை. இன்னும் சுலபம், தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் விட்டவுடன் ஒருமுறை தூக்கினால் கை அந்த எடையை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஒளி புகும் பிளாஸ்டிக் மூடி வந்தால் முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். மூடியை விட்டுவைத்தால் நாற்றழுகல் வரும்: முந்தின நாள் நிமிர்ந்து நின்ற நாற்று, மண்மட்டத்தில் தண்டு நூல் போல இளைத்து, பொத்தென்று விழுந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகள் ஈரமும் காற்றில்லாத சூடும் கிடைத்தால் ஒரு இரவில் தட்டையே காலி செய்யும். விழுந்ததைக் காப்பாற்ற வழியில்லை. மிச்சத்துக்குக் காற்று கொடுத்து, மேல்மண்ணைக் காயவிட்டு, இனி அடித்தட்டிலிருந்து தண்ணீர் ஏறும்படி விடலாம்.

எப்போதும் ஈரமான கோகோபீட்டின் மேல் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்தால் அவை பூஞ்சை ஈக்கள். பறப்பவை தொல்லை மட்டும்தான், மேல் 2-3 செ.மீ. மண்ணில் இருக்கும் புழுக்கள்தான் இளவேரைக் கடிக்கும். மேல்மண்ணைக் காயவிடுவதும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் பாதி வேலையை முடிக்கும். மீதிக்குப் 'பிடிஐ' என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம்.

மரக்குச்சி ஒரு மாதத்தில் மண்ணுக்குள் கறுத்து, மை கலைந்துவிடும். பென்சிலால் எழுதினால் மை போல அழியாது. ஐந்து ஜோடி அலகுகள் கொண்ட கத்தரிக்கோல் வேடிக்கையாக இருக்கிறது. இலையைக் கசக்கி, அலகுகளுக்கிடையே அடைத்துக்கொண்டு, கழுவவே தனியாக ஒரு தூரிகை கேட்கிறது. செடியில் பறிக்க அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கிளிப் விளக்கு

விளக்கோடு வரும் பெட்டிக்குக் கூடுதல் விலை. இங்கேதான் வாங்குபவர் அதிகம் ஏமாறுகிறார். பெட்டியில் '45 வாட்' என்று எழுதியிருக்கும், செருகுவது யுஎஸ்பி-யில். 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் அடாப்டரிலிருந்து அதிகபட்சம் 10 வாட்தான் இழுக்க முடியும். பெருக்கிப் பார்த்தாலே கணக்கு விளங்கிவிடும்.

பத்து வாட் வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு சாண் அகலத் தட்டில் நாற்றுகளை 15-20 செ.மீ. உயரத்தில் வைத்து வளர்க்க அது உதவும். ஐந்து வளர்ந்த செடிகளுக்கு உதவாது. பேசில் நன்றாகத் தழைக்க, இலை மட்டத்தில் வெளிச்சம் 200 மைக்ரோமோல் (ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) அளவுக்குத் தினம் 14 மணி நேரம் கிடைப்பது நல்ல தொடக்கம். நாள் கணக்கில் அது சுமார் 10 மோல். வெள்ளை எல்.இ.டி.யாக இருந்தால் வெளிச்சம் அளக்கும் செல்போன் லக்ஸ் செயலியில் சுமார் 14,000 லக்ஸ் காட்ட வேண்டும். துல்லியம் இல்லாவிட்டாலும் 3,000 காட்டுகிறதா 14,000 காட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். ஊதா விளக்கில் இந்தக் கணக்குச் செல்லாது. நம் கண்ணுக்கு 'நல்ல வெளிச்சம்' என்று தோன்றும் அறையில் பல நேரம் 500 லக்ஸ்கூட இருப்பதில்லை. நாற்று வெளிறி, கழுத்து நீண்டு, சன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

இந்த விளக்குகளின் டைமர் பெரும்பாலும் 12 மணி நேரத்தோடு நின்றுவிடுகிறது. பேசிலுக்கு அது குறை. கொத்தமல்லிக்கு அதுவே நல்லது. கொத்தமல்லி நீண்ட பகலைக் கண்டால் பூக்கத் தொடங்கும். 16 மணி நேர வெளிச்சமும் 30 டிகிரி சூடும் சேர்ந்தால் இலை நூலாகி, தண்டு நடுவே எழும்பிவிடும். பிறகு நுனியைக் கிள்ளினாலும் திரும்பாது.

நேர்வெயில் தினம் ஆறு மணி நேரம் விழும் இடம் இருந்தால் விளக்கே வேண்டாம். வெயிலில் வளர்ந்த தைமிலும் பேசிலிலும் வாசனை எண்ணெய் கூடுதலாக இருக்கும். உரத்தை அள்ளிப் போட்டு நிழலில் வளர்த்தது பெரிய இலையோடு சப்பென்று இருக்கும்.

இதே பணத்துக்கு வேறு என்ன?

அடியில் நீர்த்தேக்கம் உள்ள தொட்டி, அதாவது தானாக நீர் எடுக்கும் தொட்டி, கிட்டைவிடப் பல மடங்கு பயன் தரும். பேசில், புதினா, பார்ஸ்லிக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். திரி வழியாகவோ கலவையின் கால் வழியாகவோ தண்ணீர் 15 செ.மீ. அளவுக்கு மேலே ஏறும். அதற்கு மேல் உயரமான தொட்டியில் மேல்பகுதி காய்ந்தே இருக்கும். நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் வேர் கீழே எட்டாது, ஆகவே மேலிருந்துதான் ஊற்ற வேண்டும். தேக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே என்று விட்டுவிட்டு நாற்றைக் காயப்போடுவது இந்தத் தொட்டியில் நடக்கும் வழக்கமான தவறு. தண்ணீர் கீழிருந்து மேலே மட்டுமே போவதால் உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை மேலிருந்து ஊற்றி நன்றாக வடித்துவிட வேண்டும். நீர் ஊற்றும் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். தைமையும் ரோஸ்மேரியையும் இதில் வைக்க வேண்டாம், அழுகிவிடும்.

மேசைமேல் வைக்கும் ஹைட்ரோபோனிக் கருவி வேலை செய்கிறது, அதை மறுக்க முடியாது. விளக்கு போதுமான வலுவில் இருக்கிறது, டைமர் 14-16 மணி நேரத்துக்குப் போகிறது, பேசில் மண்ணில் வருவதைவிட வேகமாக வருகிறது. ஆனால் அதுவும் ஒரு வேலை. கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.5-6.5, கரைந்த சத்தின் அளவைக் காட்டும் ஈ.சி. 1.0-1.6 என்ற வரம்பில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டும். நீர் 25 டிகிரிக்கு மேல் சூடானால் வேர் பழுப்பாகி வழுவழுத்து நாறும். ஆறு குழிகளில் ஆறு வகை போடச் சொல்வார்கள். பேசில் மூன்று வாரத்தில் எல்லாவற்றுக்கும் குடை பிடித்துவிடும். பேசில் மட்டும், அல்லது பார்ஸ்லி மட்டும் என்று போடுவதே நல்லது. புதினாவை உள்ளே விட்டால் வேர் பம்ப் வரை போய் அடைக்கும். விதைக் குப்பிகளை மீண்டும் மீண்டும் அவர்களிடமே வாங்கத் தேவையில்லை. அதே அளவில் ஸ்பாஞ்சு வெட்டி, சொந்த விதையைப் போட்டாலும் நடக்கும்.

செடியாகவே விற்கும் பேசில் தொட்டி மூன்றாவது வழி. ஒரே தொட்டியில் அடர்த்தியாக இருப்பது ஒரு செடி என்று நினைக்க வேண்டாம். இருபது நாற்றை ஒன்றாக நெருக்கி வளர்த்திருப்பார்கள். அப்படியே வைத்தால் இரண்டு வாரத்தில் ஒன்றையொன்று திணறடிக்கும். வாங்கிய அன்றே தண்ணீரில் நனைத்து, வேரைப் பிரித்து, மூன்று மூன்றாக 20 செ.மீ. தொட்டிகளில் நட்டால் ஐந்தாறு தொட்டி கிடைக்கும். இந்தப் பட்டியலில் விலைக்கு மிஞ்சிய பலன் இதற்குத்தான்.

பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

பரிசாக வந்திருக்கலாம், ஆசையில் வாங்கியிருக்கலாம். தூக்கிப் போட வேண்டாம். ஐந்து வில்லைகளையும் ஊறவைத்து, மூன்றில் பேசிலும் இரண்டில் தைமும் போடுங்கள். வில்லைக்கு மூன்று விதை; முளைத்தபின் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து வரும். பார்ஸ்லியையும் கொத்தமல்லியையும் நேரே ஆழத் தொட்டியில் ஊன்றி, பார்ஸ்லித் தொட்டியில் விதைத்த தேதியை எழுதி வையுங்கள். முப்பது நாள் ஆகும்வரை கை வைக்கக் கூடாது. ரோஸ்மேரி விதை இருந்தால் தூவிவிட்டு மறந்துவிடுங்கள், வந்தால் லாபம். கிண்ணத் தொட்டிகளை நாற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உண்மை இலை இரண்டு ஜோடி வந்தவுடன் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

பேசிலில் மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும், கீழிருந்து இரண்டாவது ஜோடிக்குச் சற்று மேலே தண்டைக் கிள்ள வேண்டும். தாளில் 'இலைகளைப் பறித்துக்கொள்ளுங்கள்' என்றுதான் இருக்கும். அடியிலிருந்து பெரிய இலையாகப் பார்த்துப் பறித்தால் செடி மொட்டைக் குச்சியாக உயரும். கணுவுக்கு மேலே கிள்ளினால் அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை எழும், பதினைந்து நாளில் அவற்றையும் கிள்ளினால் நான்கு. பூங்கொத்து தலைகாட்டினால் அன்றே கிள்ளுங்கள். ஒரு தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். பார்ஸ்லியில் வெளிக்காம்புகளை அடியோடு வெட்டி நடுக்குருத்தை விடுங்கள். தைமில் பச்சைத் தண்டில் மட்டும் வெட்டுங்கள்; கட்டைப்பட்ட பழுப்புப் பகுதிக்குள் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

பேசில் இலையின் மேல்புறம் நரம்புகளுக்கிடையே மஞ்சளாகி, திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் ஊதாத் தூள் படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். சத்துக்குறை என்று உரம் போடாதீர்கள். அந்தச் செடியைப் பையில் கட்டி அகற்றிவிட்டு, மீதிக்கு இடைவெளி விட்டுக் காலையில் மட்டும், இலை நனையாமல் தண்ணீர் ஊற்றுங்கள். புதினா இலை முழுவதும் ஊசி குத்தியது போல் வெளிறிப் புள்ளி விழுந்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. தொட்டியைச் சாய்த்து இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் பெரும்பாலும் அடங்கும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மி.லி., கலக்க சில சொட்டு மென்மையான திரவ சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு. அடித்த கசப்பு இலையில் சில நாள் இருக்கும்; அதுவரை பறிக்காமல், பிறகும் நன்றாகக் கழுவியே பயன்படுத்துங்கள். இந்தத் தெளிப்புக்குப் பெட்டியில் வந்த தெளிப்பான் சரியான அளவு. அதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.